17 எம்பி எப்படி 23 ஆனது?

வளைகாப்புப் படங்கள் ஐந்தை ஆல்பம் போடுகிறவருக்கு அனுப்பப் போராடிய வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாட்ஸ்அப்பில் போட்டால் படம் மங்கிவிடுகிறது என்று மெயிலில் அனுப்பினேன். எங்கள் மெயிலுக்கு வரம்பு 20 எம்பி. ஐந்து படமும் சேர்ந்தே 17 எம்பிதான். ஆனாலும் அளவு அதிகம் என்று திரும்பி வந்துவிட்டது. என் கணக்கில் எங்கே தப்பு?"

அவர் கணக்கில் தப்பே இல்லை. போனில் 17 எம்பியாக இருந்த படங்கள் மெயிலில் ஏறியதும் 23 எம்பியைத் தாண்டிவிட்டன. பல சர்வர்கள் எடைபோடுவது இந்த 23-ஐத்தான்.

இந்த வீக்கத்துக்குக் காரணமான முறையின் பெயர் பேஸ்64. கணினி உலகில் எனக்கு மிகவும் பிடித்த சின்னக் கணக்கு இது.

மெயில் போகும் சாலை எழுத்துக்காக மட்டுமே போடப்பட்டது. அதுவும் ஆங்கில எழுத்து; அதற்கு ஏழு பிட் போதும். எட்டு பிட்டும் நிறைந்த ஒரு படத்தை அப்படியே அனுப்பினால், வழியில் ஏதாவது ஒரு பழைய சர்வர் எட்டாவது பிட்டைத் தட்டிவிடலாம், அல்லது படத்தின் நடுவே வரும் ஓர் எண்ணை வரி முடிவு என்று நினைத்து மாற்றிவிடலாம். ஒரு பிட் போனாலும் படம் கெட்டுவிடும்.

எட்டுக் குழி உள்ள முட்டை அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டைதான் பைட், முட்டைதான் பிட். மூன்று அட்டை நிறைய 24 முட்டை இருக்கிறது. சாலை குண்டும் குழியுமானது, ஓரத்து முட்டைகள் உடையும். அதனால் அட்டைக்கு ஆறு முட்டை மட்டும் வைத்து இரண்டு குழியைக் காலியாக விடுகிறோம். அதே 24 முட்டைக்கு இப்போது நான்கு அட்டை. லாரிக்காரர் வாடகை கேட்பதோ அட்டைக் கணக்கில்! முட்டை ஒன்றுகூடக் கூடவில்லை, வாடகை மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. 76 அட்டைக்கு ஒருமுறை, வரி முடிந்தது என்று காட்ட இரண்டு அட்டை தனியே செருக வேண்டும். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 37 சதவீதம் கூடுதல். கடைசியில் நான்கு அட்டைக்கு முட்டை தேறாவிட்டால், குறையும் அட்டைக்குப் பதில் சமக்குறி போட்டு அனுப்புவார்கள்; இறக்குகிறவர் அதைப் பார்த்து, அங்கே முட்டை இல்லை என்று புரிந்துகொள்வார்.

ஆறு பிட்டில் 64 எண்கள் அடங்கும். 26 பெரிய எழுத்து, 26 சின்ன எழுத்து, பத்து இலக்கம், கூட்டல் குறி, சாய்கோடு: 64 சரியாக நிறைந்துவிட்டது. எந்தச் சர்வரும் சேதமில்லாமல் கடத்தும் குறிகள் இவை.

எந்த ஜேபெக் படத்தை எடுத்தாலும் அதன் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255. இந்த 24 பிட்டை ஆறாறாக வெட்டினால் 63, 61, 35, 63 கிடைக்கும். பட்டியலில் அவற்றுக்கு நேரே சாய்கோடு, 9, சின்ன ஜே, மறுபடி சாய்கோடு. ஜிமெயிலில் ஜேபெக் படத்தோடு வந்த ஒரு மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' போய்ப் பாருங்கள். புரியாத எழுத்து மலை ஒன்று வரும். அதன் உச்சியில் இந்த நான்கும் நிற்கும்.

வரலாறு சுருக்கமாக: மெயில் சாலையின் விதிகளை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதினார், ஏழு பிட்டுக்கு. படமும் ஒலியும் ஏற்ற வழிசெய்த மைம் விதிகளை நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992-ல் கொண்டுவந்தார்கள். இன்று அநேகச் சர்வர்கள் எட்டு பிட்டை ஏற்கின்றன. ஆனாலும் வரியின் நீளத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் படங்கள் இன்னும் பேஸ்64-லேயே போகின்றன.

"தரம் துளியும் குறையாமல் படத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்குகிறோம்" என்று வரும் ஆப் விளம்பரங்களை நம்பாதீர்கள். ஜிப் செய்வதாலும் பயன் இல்லை. ஜேபெக் என்பதே பிழிந்தெடுத்த சக்கை; மறுபடி ஆலையில் விட்டால் சாறு வராது. அளவு நிஜமாகவே பெரிதாகக் குறைந்திருந்தால், படத்திலிருந்து ஏதோ போயிருக்கிறது.

வாசகிக்கு வழி எளிது. வரம்பை 0.73-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 20 எம்பிக்கு 14.6 வரும். மூன்று படம் ஒரு மெயிலில், இரண்டு படம் இன்னொன்றில் போய்விடும். படம் நூற்றுக்கணக்கில் இருந்தால் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புவதுதான் சரி. நாலுக்கு ஆறு அங்குல பிரின்ட் மட்டும் போதும் என்றால் 4000-க்கு 3000 படத்தை 2000-க்கு 1500 ஆக்கலாம். புள்ளிகள் கால்வாசியாகும், அச்சில் வித்தியாசம் தெரியாது. பெரிய ஆல்பத்துக்கு இதைச் செய்ய வேண்டாம்.

தமிழில் நாம் எழுதும் மெயிலும் பல நேரம் இதே அட்டையில்தான் போகிறது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 'அ' சரியாக மூன்று பைட். மெயில் 'அன்புள்ள' என்று தொடங்கினால், அந்த 'அ' சாலையில் 4, பெரிய கே, 6, பெரிய எஃப் என்று நான்கு குறியாகப் போய், மறுமுனையில் இறங்கியதும் மறுபடி 'அ' ஆகிவிடும்.