மார்கழிக் குளிருக்கு ரூம் ஹீட்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க



"காஞ்சிபுரம் மாவட்டத்துல என்னப்பா குளிரு?"ன்னு சிரிக்கிறவங்க, மார்கழியில விடியற்காலை நாலு மணிக்கு எங்க திருப்புலிவனத்துக்கு வந்து பாருங்க. உத்திரமேரூர் பக்கத்துல, சுத்தியும் சம்பா நெல் வயல். மழை முடிஞ்சு வானம் தெளிஞ்சதும் பனி இறங்க ஆரம்பிச்சிடும். ஊட்டி அளவுக்கு இல்லதான், 20 டிகிரி பக்கம் இருக்கும். ஆனா நம்ம வீடுங்க வெயிலுக்காகக் கட்டினது. சிமெண்ட் தரை, மேல ஷீட்டு. பகல்ல வாங்கின சூட்டை ஷீட்டு ராத்திரியே வெளிய விட்டுடும். வயசானவங்களுக்கு முட்டி வலி, இருமல் எல்லாம் அப்பதான் கிளம்பும்.

எங்க அம்மா அங்கதான் இருக்காங்க. ரெண்டு வருஷம் முன்னாடி, ஆன்லைன் சேல்ல மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ரூம் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் இ.எம்.ஐ.யில! பணத்தைப் பத்தி ஊருக்கே வீடியோ போடுற ஆளு நான்.

இப்ப கணக்குக்கு வருவோம். 2000 வாட் ஹீட்டர் முழு வேகத்துல ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட். ராத்திரி 6 மணி நேரம்னா 12 யூனிட். 30 ராத்திரிக்கு 360 யூனிட். அம்மா வீட்டுல ரெண்டு மாசத்துக்கு வழக்கமா ஆகுறது 180. கூட்டிப் பாருங்க, 540.

500-ஐத் தாண்டினா மேல போன 40 யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் கட்டணம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லங்க. கீழ் ஸ்லாப்ல கிடைச்சிட்டிருந்த சலுகையும் போயிடும். உங்க பழைய பில்லை எடுத்து ஸ்லாப் வாரியா பாருங்க, புரியும்.

பில் வந்ததும் அம்மா ஹீட்டரைப் பரண்ல ஏத்திட்டாங்க. என்கிட்ட சொல்லல. பொங்கலுக்குப் போனப்ப பார்க்குறேன், தரையில பாயை விரிச்சு, ரெண்டு புடவையைப் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்காங்க. எனக்கு இன்னும் மூணு தவணை பாக்கி.

அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் சின்னச் சின்ன வேலைதான். முதல்ல தரை. உடம்புச் சூட்டை உறிஞ்சுறதே அதுதான், அதனால மேல போர்த்துறதை விட கீழ விரிக்கிறது முக்கியம். பாய்க்கு அடியில பவானி ஜமக்காளம் ஒண்ணு போட்டோம். கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளித் தள்ளுபடி நேரத்துல வாங்கினா கையைக் கடிக்காது. 

அடுத்து ஷீட்டு. பழைய காட்டன் புடவை நாலை ஒட்டித் தைச்சு, கூரைக்குக் கீழ மேற்கட்டி மாதிரி இழுத்துக் கட்டினோம். தையல் கூலி மட்டும்தான் செலவு. காலையில ஷீட்டுல இருந்து சொட்டுற பனித்தண்ணியும் மேல விழாது. பல்பு, ஒயர் பக்கம் துணி போகாமப் பாத்துக்கங்க. அப்படியே 6500 கெல்வின் வெள்ளை பல்பைக் கழட்டிட்டு, 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டோம். அதே 9 வாட்தான், குளிரைக் குறைக்காது. ஆனா உள்ள நுழைஞ்சா ஏதோ அடுப்பங்கரையில உக்காந்த மாதிரி இருக்கு.

குளிக்கிறதுக்கு கீசர் வெச்சிருக்கீங்களா? 2000 வாட் கீசர் தினம் அரை மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட். அது தாங்கும். ஆன் பண்ணிட்டு மறந்துடுறதுதான் நமக்கு எதிரி. அம்மாவுக்கு இன்னமும் கொல்லைப்புறத்துல விறகுல காயுற வெந்நீர் தவலைதான், அதுல நான் கை வைக்கல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் காசு மிச்சம்னு செஞ்சிடாதீங்க. கரி நெருப்பைச் சட்டியில போட்டு ரூமுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்துறது. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். கொசுவுக்குப் பயந்து ஜன்னல் எல்லாத்தையும் அடைக்கிற வீட்டுல இன்னும் மோசம்.

இந்த வருஷம் புதுசா வேற என்ன வேணும்னு போன்ல கேட்டேன். "கட்டிலு ஒண்ணு கிடக்குதேடா, உயரமா இருக்குது, இறங்க முட்டி வலிக்குது. ஆசாரியக் கூப்பிட்டு காலை கொஞ்சம் அறுக்கச் சொல்லு"ன்னாங்க. இத்தனை வருஷமா அவங்க தரையில படுத்ததுக்குக் காரணம் அதுதானாம்.