ஆபரேஷன் முடிந்தும் மாத்திரை எதற்கு?

என் அம்மாவுக்கு வயது 66. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி., எடுப்பதற்குள் அடங்கிவிடும். 'வயசாச்சு... கவலைப்படாம இருங்க' என்று அனுப்பி விடுவர்.

ஒரு டாக்டர்தான் நாடி பிடித்துப் பார்த்து, 24 மணி நேரமும் உடம்பில் மாட்டிக் கொள்ளும், 'ஹோல்டர்' கருவியை மாட்டிவிட்டார். அதில் அகப்பட்டது. இதயத்தின் மேல் அறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றனவாம். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று பெயர். படபடப்பு கூட பெரிதில்லை. அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தந்தார்.

துடிப்பு மட்டும் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. 'கதீட்டர் அப்லேஷன்' செய்தனர். நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, நுரையீரலில் இருந்து வரும் ரத்தக்குழாய்கள் சேருமிடத்தைச் சுற்றி, சூடு வைக்கின்றனர். உறைய வைத்தும் செய்வதுண்டாம். தாறுமாறான துடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது என, 1998ல் பிரான்சில், போர்தோ நகர டாக்டர்கள் கண்டு சொன்னார்களாம். சூடு பட்ட வடுவை, மின்சாரம் தாண்டாது. வயலுக்கு வரப்பு கட்டின மாதிரி என்று நான் புரிந்து கொண்டேன்.

வீடு வந்த மூன்றாம் வாரமே மறுபடி படபடப்பு! 'லட்சக்கணக்குல கொட்டினது வீணாப் போச்சே...' என்று அம்மா அழுதுவிட்டார். ஓடினோம். 'புண் ஆற இரண்டு, மூன்று மாசம் ஆகும். அதுவரை இப்படி வரலாம். இதை வெச்சு தோல்வின்னு சொல்ல முடியாது' என்றார் டாக்டர். சிலருக்கு இன்னொரு முறை செய்ய வேண்டி வருமாம். அம்மாவுக்கு அதன்பின் அடங்கிவிட்டது.

அடங்கியதும் வேறு தலைவலி. ஊரிலிருந்து வந்த பெரியம்மா, 'அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே... இன்னும் எதுக்குடி ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை? பல் தேய்ச்சா ரத்தம் வருதுங்கற...' என்று சொல்லி வைக்க, அம்மாவும் இரண்டு நாள் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டார். அட்டையில் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். தலையணைக்கு அடியில் இருந்ததும் கிடைத்து விட்டது.

உடனே டாக்டருக்குப் போன் போட்டு, பெரியம்மா காதிலும் விழும்படி பேசச் சொன்னேன். 'அந்தத் துடிப்பு நமக்குத் தெரியாமலேயும் வந்துட்டுப் போகும். தவிர, இவங்க வயசு, சர்க்கரை, பிரஷர் எதுவும் ஆபரேஷனால மாறலையே... ஈறுல ரத்தம் வந்தா என்கிட்ட சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க' என்றார்.

மெத்தென்ற பல் பிரஷ் ஒன்று வாங்கித் தந்தேன். இப்போது இரண்டு வேளையும் என் எதிரில்தான் மாத்திரை.

தோழிகளே... மணிக்கட்டில், கட்டை விரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து, ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். துடிப்பு விட்டு விட்டோ, தாறுமாறாகவோ இருந்தால், ஈ.சி.ஜி., எடுங்கள். பெரியம்மாவுக்கும் பார்த்தேன், கடிகாரம் மாதிரி இருக்கிறது!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.