தோசைக்கல்லும் இட்லிப் பானையும்: ஒரு வலைத்தளம் எப்படி இயங்குகிறது?

வலைப்பூ தொடங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகத் தீம் தேடப் போகிறார்கள். எந்த நிறம், எந்த எழுத்துரு, படம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதிலேயே ஒரு வாரம் போய்விடும். மெஸ் தொடங்க நினைப்பவர் அடுப்பு வாங்கும் முன்னரே சாப்பாட்டுக் கூடத்துக்கு வண்ணம் பூச ஆள் தேடுவதைப் போன்றது இது. கூடம் அழகாக இருக்க வேண்டியதுதான். ஆனால் வருகிறவருக்கு வாசல் தெரிய வேண்டும், கேட்டது தட்டில் வர வேண்டும், நாளைக்கும் அரிசி இருக்க வேண்டும். அதனால் கூடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நாம் சமையலறை வழியாகவே உள்ளே போவோம். உதாரணத்துக்கு வேர்ட்பிரஸ்ஸை எடுத்துக்கொள்கிறேன். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் 2003 மே மாதம் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. இன்று உலகின் வலைத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன.

முதலில் வாசல். மாடித் தோட்டம் பற்றி எழுத நீங்கள் ஒரு தளம் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசகர் கைபேசியில் தளத்தின் பெயரைத் தட்டுகிறார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கைபேசிக்கு எங்கும் போகத் தெரியாது. அதற்கு எண் வேண்டும். அந்த எண்தான் ஐபி முகவரி, அதாவது மெஸ்ஸின் கதவு எண். பெயரைக் கேட்டுக் கதவு எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். இணையம் சின்னதாக இருந்த காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் அடங்கின. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொகாபெட்ரிஸ் பொறுப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்றைய முறையை வடிவமைத்தார். உச்சியிலுள்ள ரூட் சர்வருக்கு ‘டாட் இன்’ பெயர்களை யார் கவனிக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். அவரைக் கேட்டால் உங்கள் பெயருக்கு யார் பொறுப்பு என்று சொல்வார். அந்தப் பொறுப்பாளர்தான் கதவு எண்ணைச் சொல்வார்.

கிடைத்த பதிலை வழியிலுள்ள சர்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்று நீங்களே நொடிக் கணக்கில் குறித்து வைக்கலாம். 3600 என்றால் ஒரு மணி நேரம். மெஸ் இடம் மாறிய பிறகும் சிலர் பழைய தெருவுக்கே போய் நிற்பது இதனால்தான். தளம் குடியிருக்கும் இடத்தை, அதாவது ஹோஸ்டிங்கை, மாற்றப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் முன்னதாகவே அந்த எண்ணை 300-க்குக் குறைத்துவிடுங்கள். பழைய இடத்திலும் இரண்டு நாளைக்கு அடுப்பை அணைக்க வேண்டாம்.

டொமைன் பெயரை விலைக்கு வாங்குவதாகச் சொல்கிறோம். உண்மையில் அது குத்தகை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கு எடுத்து வைக்கலாம். தளம் அமைத்துத் தருபவரே பெயரையும் பதிவு செய்து தருவது நம்மிடம் பரவலான பழக்கம். அங்கே கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில் இருக்க வேண்டும். பரிமாறுபவரை மாற்றலாம், சமையல்காரரை மாற்றலாம், கட்டடத்தையே மாற்றலாம். பெயர்ப்பலகை அடுத்தவர் கையில் இருந்தால் வாடிக்கையாளர் அத்தனை பேரும் அவர் பின்னால் போவார்கள். இலவசத் தளங்களில் எழுதுகிறவர்களுக்கும் இதே விஷயம்தான். 1990-களில் லட்சக்கணக்கானோர் ஜியோசிட்டீஸில் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009-இல் யாகூ அதை மூடியதும் அந்த முகவரிகள் எல்லாம் செத்துப் போயின. பிளாகரில் இலவசமாகத் தொடங்குவது நல்ல தொடக்கம்தான். ஆனால் சொந்தமாக ஒரு டொமைன் எடுத்து அதோடு இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கே குடிபெயர்ந்தாலும் வாசகருக்கு வாசல் மாறாது.

அடுத்தது இடம். ஹோஸ்டிங் என்பது எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினியில் வாடகைக்கு எடுக்கும் பங்கு. குறைந்த விலைத் திட்டங்களில் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். கதவு எண் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அப்படியென்றால் யாருக்கு வந்த ஆர்டர் என்று எப்படித் தெரியும்? பிரவுசர் அனுப்பும் ஆர்டர் சீட்டில் ‘இன்ன பெயருள்ள தளத்துக்கு’ என்று ஒரு வரி இருக்கும். 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 அந்த வரியைக் கட்டாயமாக்கியது. அதனால்தான் ஒரே எண்ணுள்ள கட்டடத்தில் பல மெஸ்கள் நடத்த முடிகிறது, வாடகையும் நம்மால் தாங்க முடிகிறது. தொடக்கத்துக்கு இந்தத் திட்டம் போதும். கூட்டம் சேர்ந்த பிறகு பெரிய இடம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அடுப்படி. ஆர்டர் சீட்டை முதலில் வாங்குவது அபாச்சி அல்லது எஞ்சின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் மென்பொருள். மெஸ்ஸில் சப்ளையர் செய்யும் வேலை. படம், எழுத்துரு போன்ற தயாராக இருக்கும் கோப்பு என்றால் அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார். ‘தக்காளிச் செடி பற்றிய கட்டுரை வேண்டும்’ என்றால் சீட்டு உள்ளே போகும். அங்கே தோசைக்கல் முன் நிற்பது பிஎச்பி. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி அதுதான். பலரும் நினைப்பதற்கு மாறாக, உங்கள் கட்டுரை ஒரு முழுப் பக்கமாக எங்கும் கிடப்பதில்லை. தலைப்பு, உரை, தேதி, எழுதியவர் பெயர் எல்லாம் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் அட்டவணைகளாகக் கிடக்கின்றன. அதுதான் உக்கிராண அறை. மாஸ்டர் அங்கிருந்து மாவை எடுக்கிறார், தீம் சொல்லும் அளவில் வார்க்கிறார், மேலே மெனு, கீழே முகவரி என்று சேர்த்து ஒரு பக்கமாகச் சுட்டு அனுப்புகிறார். அடுத்தவர் அதே கட்டுரையைக் கேட்டால், முதலிலிருந்து இன்னொரு தோசை.

இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. தீம் மாற்றினால் பழைய கட்டுரைகள் அத்தனையும் ஒரே நொடியில் புதுத் தோற்றத்துக்கு வந்துவிடும். உக்கிராணத்தில் எதுவும் அசையாது. சங்கடமும் உண்டு. ஒரு நாள் உங்கள் கட்டுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கி ஒரே நேரத்தில் ஐந்நூறு பேர் வந்தால், ஐந்நூறு தோசை. கல் ஒன்று, மாஸ்டர் சில பேர். தளம் தவழத் தொடங்கும், சில நேரம் நின்றே போகும்.

எந்த மெஸ்ஸும் காலைக் கூட்டத்தைத் தோசையை மட்டும் நம்பிச் சமாளிப்பதில்லை. இட்லியை ஈடு ஈடாக முன்பே வேக வைத்துவிடுகிறார்கள். வலைத்தளத்தில் அதற்குப் பெயர் கேஷ். பிளகின் என்பது வேர்ட்பிரஸ்ஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள். ஒரு கேஷ் பிளகினை நிறுவினால், முதல் ஆளுக்காகத் தயாரான பக்கத்தை அது ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்து வருபவர்களுக்குச் சப்ளையரே அதைக் கொடுத்துவிடுவார். மாஸ்டரும் தேவையில்லை, உக்கிராணமும் திறக்க வேண்டியதில்லை. மெஸ் இட்லி தீர்ந்துவிடும்; இந்த இட்லியை எத்தனை ஆயிரம் பேருக்கும் கொடுக்கலாம். தொடக்கநிலைத் தளம் ஒன்றை வேகமாக்க இதைவிடப் பெரிய ஒற்றை வேலை கிடையாது என்பது என் உறுதியான கருத்து. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கட்டுரையில் திருத்தம் செய்த பிறகும் பழையதே தெரிந்தால் பதற வேண்டாம். அது பழைய ஈடு. பிளகினில் கேஷைக் காலி செய்தால் போதும். இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாப் பக்கங்களையும் எழுதும்போதே கோப்புகளாகச் செய்துவிடும் ஹியூகோ, ஜெகில் போன்ற கருவிகளும் இருக்கின்றன. அங்கே தோசைக்கல்லே கிடையாது, இட்லி மட்டும்தான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்காதவர்களுக்கு மிகவும் சிக்கனமான வழி.

பிளகின்கள் அரைவை இயந்திரம், காய் நறுக்கும் இயந்திரம் போல. தேவையானதை வாங்குங்கள். ஓரிரு ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத பிளகினைத் தொடாதீர்கள். வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைபவர்கள் பெரும்பாலும் பழுதான பிளகின் வழியாகவே வருகிறார்கள். பாதுகாப்பில் இன்னொன்று: தளத்துக்கும் வாசகருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்ட உதவும் சான்றிதழுக்காகத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

உக்கிராணத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் நம் உழைப்பு முழுவதும் கிடப்பது அங்கேதான். வேர்ட்பிரஸ் தளத்தின் சரக்கு இரண்டு இடங்களில் இருக்கிறது. எழுத்து டேட்டாபேஸில், படங்கள் ‘அப்லோட்ஸ்’ என்ற கோப்புறையில். ஒன்றை மட்டும் பேக்கப் எடுத்தவர்கள் படமில்லாத கட்டுரைகளோடோ கட்டுரையில்லாத படங்களோடோ நிற்பார்கள். இரண்டையும் எடுத்து, தளம் இருக்கும் கணினிக்கு வெளியே வையுங்கள். எடுத்ததை ஒரு தடவையாவது வேறோர் இடத்தில் ஏற்றிப் பாருங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சோதனை கூடுதல் அவசியம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் மூன்று பைட் எடுக்கும். இடம் மாற்றும்போது டேட்டாபேஸ் லத்தீன் எழுத்துகளுக்கான பழைய அமைப்பில் இருந்தால், கட்டுரை முழுக்கக் கேள்விக்குறிகளாகப் பதிந்துவிடும். அதிலிருந்து தமிழை மீட்க வழியில்லை. அட்டவணைகள் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்ற அமைப்பில் இருக்கின்றனவா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல், கட்டுரையின் முகவரி. நீங்கள் வைக்கும் தலைப்பை வைத்து வேர்ட்பிரஸ் தானாகவே ஒரு முகவரி உண்டாக்கும். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக ஒன்பது இடம் பிடிக்கிறது. புள்ளி தனி, துணைக்கால் தனி. மொத்தமாகக் கிடைக்கும் இடமோ 200. ‘மாடித் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எப்படி’ என்று தலைப்பு வைத்தால் இருபத்திரண்டு குறிகளிலேயே இடம் தீர்ந்து, முகவரி ‘தக்கா’ என்பதோடு அறுந்து நிற்கும். அதை நகலெடுத்து யாருக்காவது அனுப்பினால் நாலைந்து வரிக்குப் புரியாத குறிகளாகப் போகும். ஆகவே வெளியிடும் முன் முகவரிக் கட்டத்தைத் திறந்து இரண்டு மூன்று சொற்களில் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதிவிடுங்கள். தமிழிலேயே வைக்க ஆசை என்றால் ‘தக்காளி-வளர்ப்பு’ போதும். வெளியிட்ட பிறகு மாற்ற நேர்ந்தால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தர வழிகாட்டி போட மறக்க வேண்டாம்.

இப்போது கூடத்துக்கு வருவோம். தீமின் மாதிரிப் பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது ஆங்கிலச் சொற்களின் அளவுக்குத் தைத்தது. உங்களுடைய உண்மையான தமிழ்க் கட்டுரை ஒன்றைப் போட்டு, கைபேசியில் பாருங்கள். வாசகர்களில் பெரும்பாலோர் அங்கிருந்துதான் வருகிறார்கள். தீமின் எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. அப்போது கைபேசியில் உள்ள ஏதோ ஒன்று வந்து உட்காரும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசம், படிக்கவும் இதமானவை. வரி இடைவெளியை 1.7 அளவுக்கு வையுங்கள். நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். இருபுறமும் சீராக நிரப்பும் அமைப்பைக் கைவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் சிறிய திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் சேர்த்து வைப்பதே அழகு. படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறுக்கிய பிறகு ஏற்றுங்கள். கைபேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம், பல எம்பி. அந்தச் சுமை வாசகரின் டேட்டாவிலிருந்தும் உங்கள் இடத்திலிருந்தும் போகிறது.

ஒரு நாள் தளம் திறக்காமல் போகும். எல்லோருக்கும் நடக்கும். எந்த அறையில் கோளாறு என்பதைத் திரையே சொல்லிவிடும். சர்வரையே காணோம் என்று பிரவுசர் சொன்னால் வாசலில் கோளாறு: டொமைன் காலாவதியானதா, கதவு எண் சரியா என்று பாருங்கள். 404 என்றால் மெஸ் திறந்திருக்கிறது, கேட்ட பதார்த்தம் அந்தப் பெயரில் இல்லை. டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை என்று வந்தால் மாஸ்டர் தயார், உக்கிராணம் திறக்கவில்லை. கடவுச்சொல் மாறியிருக்கலாம், டேட்டாபேஸே நின்றிருக்கலாம். 500 என்றோ வெள்ளைத் திரையாகவோ வந்தால் அடுப்படியில் கோளாறு. கடைசியாக நிறுவிய பிளகின்மேல் முதல் சந்தேகம் வையுங்கள். ஹோஸ்டிங் கணக்கில் கோப்புகளைத் திறந்து, அந்தப் பிளகின் இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றினால் வேர்ட்பிரஸ் அதை ஏற்றாமல் விட்டுவிடும். தளம் எழுந்ததும் உள்ளே நுழைந்து அதை நீக்கிக்கொள்ளலாம்.