பழைய கார் நின்ன இடத்துல நடுங்குதா? இன்ஜினை இறக்கச் சொன்னா, முதல்ல இதைக் கேளுங்க

போன மாசம் சித்தப்பா போன் பண்ணினார். "தம்பி, பர்சனல் லோன் 42,000 ரூபாய் எடுக்கணும், எந்த பேங்க்ல வட்டி கம்மி?"ன்னு கேட்டார். எதுக்குன்னு கேட்டா, காருக்கு!

சித்தப்பாவுக்குப் பெருமாள்மலைப் பக்கம் கொஞ்சம் காபி, கொஞ்சம் பட்டர் ஃப்ரூட். 2010-இல் வாங்கின மூணு சிலிண்டர் பெட்ரோல் கார்ல தான் மூட்டையை ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டு இறங்குவார். பதினஞ்சு வருஷம் முடிஞ்சு, 5,000 ரூபாய் கட்டி ஆர்சி-யையும் புதுப்பிச்சிட்டார். இப்போ வண்டி நிக்கும்போது ஸ்டியரிங், சீட்டு எல்லாம் கிடுகிடுன்னு ஆடுது. கொடைக்கானல்ல ஒரு ஒர்க்ஷாப்ல காட்டினதுக்கு, "கம்ப்ரஷன் போச்சு, இன்ஜினை இறக்கணும்"னு சொல்லி 42,000-க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க.

நான் ஆடிட்டர், மெக்கானிக் இல்லை. ஆனா ஒரு எஸ்டிமேட்டைப் பார்த்தா "இந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேக்குறது எங்க தொழில். 42,000-ஐ 14% வட்டிக்கு மூணு வருஷத்துக்கு எடுத்தா மாசம் சுமார் 1,435 ரூபாய் இஎம்ஐ. கட்டி முடிக்கும்போது கிட்டத்தட்ட 51,700. இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் சாதாரண மோட்டார் பாலிசில சேராது, ஃபுல் கவர் எடுத்திருந்தாலும் அதே கதைதான்.

அதனால எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். மூணு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் ரீடிங் எழுதியிருந்தாங்க: 140, 138, 141 பிஎஸ்ஐ. பக்கத்துல, "இருக்க வேண்டியது 175."

இங்கதான் விஷயமே இருக்கு. கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்க காத்தோட அழுத்தம் கடற்கரையில இருக்கிறதை விட அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறைவு. சிலிண்டர் உள்ளே இழுக்கிற காத்தே குறைவா இருக்கும்போது, அதை அமுக்கினா வர்ற ரீடிங்கும் குறையத்தானே செய்யும்? அந்த 175 கீழ, சமவெளியில அளந்தா வரவேண்டிய நம்பர். அதை மேல கொண்டு வந்தா, 175-ல சுமார் 80 சதவீதம், அதாவது 140! இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, ஒப்பிட்ட அளவுதான் தப்பு. அந்த மெக்கானிக் ஏமாத்தினார்னு நான் சொல்லலை. புத்தகத்துல இருந்த நம்பரை அப்படியே எடுத்திருக்கார், அவ்வளவுதான்.

மலையில அளந்த ரீடிங்கை சிலிண்டருக்குச் சிலிண்டர்தான் ஒப்பிடணும். மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கா? இருக்கு. 140, 95, 141-ன்னு ஒண்ணு மட்டும் தனியா விழுந்திருந்தா நானே கவலைப்பட்டிருப்பேன்.

அப்போ நடுக்கம் எதனால? அந்த ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போனேன். செலவில்லாத சோதனையில இருந்து ஆரம்பிச்சோம்.

இன்ஜின் சூடானதும் ஐடில்ல விட்டு, சைலன்சர் வாய்க்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பிடிச்சோம் (கையைச் சுட்டுக்காதீங்க). நோட்டு ஒரே சீரா வெளிப்பக்கமா படபடத்தா எல்லா சிலிண்டரும் வேலை செய்யுதுன்னு ஓரளவு நம்பலாம். நடுநடுவே தடுமாறினா, உள்பக்கமா இழுத்தா, ஒரு சிலிண்டர் சரியா எரியலை, இல்லைன்னா வால்வு சரியா மூடலை. எங்களுக்குச் சீராத்தான் வந்துச்சு. சத்தமும் சீர். ஆனா ஸ்டியரிங் மட்டும் ஆடுது. ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சு 1,500 ஆர்பிஎம் போனா நடுக்கம் காணோம்.

இன்ஜின் சீரா ஓடி, பாடி மட்டும் ஆடினா, நடுவுல இருக்கிற ரப்பரைப் பாக்கணும். அதான் இன்ஜின் மவுண்டிங். மூணு சிலிண்டர் இன்ஜினுக்கு இயல்பாவே கொஞ்சம் ஆட்டம் உண்டு, அதை உள்வாங்கிக்கத்தான் அந்த ரப்பர். பானட்டைத் திறந்து வச்சு, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்சை லேசா விட்டுப் பிடிக்கணும், பிறகு ரிவர்ஸ்ல. வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் யாரும் நிக்கக் கூடாது, பக்கவாட்டுல நின்னு பாருங்க. எங்க வண்டியில இன்ஜின் ஒரு பக்கமா எகிறிக் குதிச்சுச்சு. ரப்பர் கிழிஞ்சு பிளந்திருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கியரை இறக்கி ஏத்துற வண்டி, பாவம் அது என்ன பண்ணும்!

கூடவே த்ராட்டில் பாடியில கரி படிஞ்சு ஐடில் 600-க்குக் கீழ இறங்கியிருந்தது. கொடைக்கானல்ல யாரும் ஏசி போடுறதில்லையே, அதனால மேல தெரியலை. வத்தலக்குண்டு இறங்கி ஏசி போட்டா வண்டி அணையப் பாக்கும்னு சித்தப்பா அப்பத்தான் சொல்றார்!

மவுண்டிங் செட், த்ராட்டில் கிளீனிங், கூலி எல்லாம் சேர்த்து 4,650 ரூபாய். வேற மெக்கானிக், பெருமாள்மலையிலேயே.

உங்க வண்டியில நோட்டு தடுமாறினா கதை வேற. மெக்கானிக்கை வச்சு ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. எதைக் கழட்டினா ஐடில் மாறவே இல்லையோ அந்த சிலிண்டர்தான் தூங்குது. அதோட பிளக்கையும் காயிலையும் பக்கத்து சிலிண்டருக்கு மாத்துங்க. கோளாறும் கூடவே இடம் மாறினா சில நூறு, மிஞ்சினா ஓரிரு ஆயிரம் ரூபாயோட முடிஞ்சது. கார்புரேட்டர் வண்டின்னா, கீழ ட்யூன் பண்ணினது மேல வந்ததும் பெட்ரோல் அதிகமாகி, பிளக் கரி பிடிச்சே நடுங்கும். அதுக்கு ட்யூனிங் போதும்.

கம்ப்ரஷனே ஒரு சிலிண்டர்ல நிஜமா குறைஞ்சிருந்தாலும் உடனே தலையாட்டாதீங்க. அதுல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்க. ரீடிங் ஏறினா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, பெரிய வேலைதான். ஏறலைன்னா வால்வு பக்கமோ ஹெட் கேஸ்கெட்டோ இருக்கலாம், அதுக்கு ஹெட்டை மட்டும் கழட்டினாப் போதும், முழு இன்ஜினையும் இறக்க வேண்டியதில்லை.

எஸ்டிமேட் வாங்கும்போது ஒவ்வொரு சிலிண்டர் ரீடிங்கையும் தனித்தனியா, எந்த ஊர்ல அளந்ததுன்னும் சேர்த்து எழுதி வாங்குங்க. வண்டி தொழிலுக்கு ஓடுதுன்னா பில் உங்க பேர்ல இருக்கட்டும், மவுண்டிங் மாத்தின செலவை அந்த வருஷக் கணக்குலயே பழுதுச் செலவாக் காட்டலாம். சித்தப்பா பில்லை மடிச்சு டேஷ்போர்டுல வச்சிருக்கார், லோன் பத்தி அப்புறம் கேக்கவே இல்லை.