உப்புக் காற்றில் எஃகுத் தொட்டி

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீருடன் கடல்நீர் கலப்பது 1960-களின் இறுதியிலேயே அறியப்பட்டது. எனவே மழைக்காலத்து நல்ல நீரைத் தொட்டியில் சேமிப்பது நாற்றங்காலுக்கும் கால்நடைக்கும் பெரிதும் உதவும். எஃகுத் தொட்டி அமைக்க விரும்பும் உழவர்கள் கீழ்க்கண்டவற்றை அறிதல் நலம்.

தகடுகளைத் தோட்டத்திலேயே பற்றவைத்தால், அந்தச் சூட்டில் மேற்பூச்சு கருகிவிடும். உப்புக் காற்று முதலில் அவ்விடத்தைத்தான் அரிக்கும். போல்ட் முறையில், தொழிற்சாலையிலேயே தகடுகளுக்குத் துளையிட்டு, பின்னரே பூச்சு இடப்படுகிறது. துளையின் விளிம்பும் இதனால் காக்கப்படுகிறது. துத்தநாகம், எப்பாக்சி, 800 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கிப் படியவைக்கும் கண்ணாடி எனப் பூச்சுகள் பலவகை. தோட்டத்தில் தகடுகளைப் பொருத்தி, இணைப்புகளில் கசிவு தடுக்கும் பசை இட்டு, போல்ட்டுகளை முடுக்கினால் போதும்.

கவனிக்க வேண்டியவை:

1. தோட்டத்தில் புதிதாகத் துளை போடக்கூடாது.
2. துத்தநாகம் பூசிய போல்ட், நட்டுகளையே பயன்படுத்த வேண்டும். தொட்டியின் உட்புறம் பிளாஸ்டிக் உறையிட்ட போல்ட் தலைகள் சிறந்தவை.
3. ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடையுள்ளது. அடித்தளம் உறுதியாகவும் சமமாகவும் இருக்கட்டும்.
4. ஆண்டுதோறும் மழைக்கு முன், தொட்டி காலியாக உள்ளபோது, துருவேறிய போல்ட்டுகளை மாற்றிவிட வேண்டும்.

கடலோரத்தில் தொட்டியின் ஆயுள் தகட்டின் கனத்தை மட்டுமல்ல, பூச்சையும் போல்ட்டையும் பொறுத்தது என்பதை மறவாதீர்.