பெயரில்லாத் துப்பாக்கியின் பிறப்பிடம்

பழம்பொருளொன்று கைக்கு வந்ததும் அதன் பெயரையும் ஊரையும் அறிந்துவிட மனம் விழைகின்றது. எழுத்தும் முத்திரையும் இல்லாத சிறுதுளைத் துப்பாக்கி இவ்விழைவைப் பெரிதும் சோதிப்பதாகும். கண்டவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டைக் கூறுவர். ஆயினும் ஊகம் வேறு, துணிபு வேறு. பொருள் தரும் சான்றுகளை முறைப்படி வினவும் வழியை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவாம்.

ஆராய்ச்சிக்கு முன் காவல் வேண்டும். குழல்வாய் வழியாக மருந்திடப்படும் பழந்துப்பாக்கிகள் சில, மருந்தும் குண்டும் உள்ளிருக்கவே சுவரில் தொங்கவிடப்பட்டவை. ஈரம் படாத கரிமருந்து பல்லாண்டு கழிந்த பின்னும் வெடிக்கவல்லது. ஆதலின் குழல்வாய்க்கு நேரே நில்லாது, மரக்கோலொன்றை மெல்ல உட்செலுத்தி, அது சென்ற அளவைக் குழலின் புறநீளத்தோடு ஒப்பிடுக. கோல் அடிவரை செல்லாவிடின் உள்ளே ஏதோ உண்டு. அதனை எடுத்தல் வல்லுநர் தொழிலாகும்.

அடுத்தது துளையின் அளவு. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக வார்த்தால், அவற்றுளொன்றின் பருமனே 12 ஆம் இலக்கத் துளை. அஃது ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். 32 ஆம் இலக்கம் 13.4 மில்லிமீற்றரளவே. இலக்கம் பெருகத் துளை சிறுக்கும் என்பது இதனாற் பெறப்படும். துளையினுள் சுழல்புரி வெட்டப்பட்டுள்ளதா என்பதையும், புரிகளின் தொகையையும் குறித்துக்கொள்க.

மூன்றாவது, தீமூட்டும் பொறி. சக்கிமுக்கிக் கல்லுக்கு மாற்றாக, அடியுண்டு வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்கொத்லாந்துக் குருவான அலெக்சாந்தர் போர்சைத் 1807 இல் உரிமை பெற்றார். பாரிசு நகரத்து புளோபேர் 1845 இல், வெடிமூடியிலேயே சிறு குண்டைப் பொருத்திய தோட்டாவை உருவாக்கினார். சிமித், வெசன் என்போர் 1857 இல் 0.22 அங்குலத் தோட்டாவை வெளியிட்டனர். எனவே விளிம்பில் அடிக்கும் பொறியுடைய துப்பாக்கி 1845 க்கு முற்பட்டதாகாது. ஆயின் பழைய பொறி கண்டவிடத்து முதுமையைத் துணிதல் தவறு. கற்பொறித் துப்பாக்கிகள் பல பின்னர் வெடிமூடிப் பொறிக்கு மாற்றப்பட்டன; அவற்றிற் குழல் ஒரு காலத்தது, பொறி வேறு காலத்தது.

இனி, முத்திரையின்மையும் ஒரு சான்றாகுமோ எனின், ஓரளவிற்கு ஆகும். குழலை மிகை மருந்திட்டுச் சோதித்து முத்திரையிடும் சாலை பர்மிங்ஹாமில் 1813 இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. பெல்ஜியத்து லியேஜ் நகரில் 1810 முதல் ஈ, எல், ஜி என்னும் எழுத்துக்கள் முட்டை வடிவக் கோட்டினுள் பொறிக்கப்பட்டன; 1893 இல் அதன்மேல் முடியுருவம் சேர்ந்தது. ஜேர்மனியிற் பொதுச்சட்டம் 1891 இலேயே தோன்றியது. ஐக்கிய அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான அரசினர் கட்டாயச் சோதனை இருந்ததேயில்லை. ஆகவே முத்திரையில்லாத குழல் பின்னிரு நாடுகளை நினைவூட்டலாம், நிறுவாது. முத்திரை பெரும்பாலும் மரக்கட்டை மறைக்கும் குழலடியிலே இருக்கும். கட்டையைக் கழற்றிப் பாராது "இல்லை" என்பது ஆராய்ச்சியன்று.

எழுத்தின்றி உருவமே பேசுதலுமுண்டு. ஈழநாட்டுச் சிங்களக் கம்மியரின் பழந்துப்பாக்கிகளிற் பொறி இடப்புறத்தே அமைந்திருக்கும்; பின்கட்டை கவர்பட்டிருக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பார் ஐரோப்பியப் பெயரைத் தேடியலையார்.

ஈற்றில் ஓர் எச்சரிக்கை. துருவைப் போக்கும் ஆர்வத்தில் உப்புத்தாளாலே தேய்ப்பவர், தேய்ந்த முத்திரையின் எஞ்சிய கோட்டையும் அழித்துவிடுவர். பின்னர் அதனை மீட்பது அரிது. எண்ணெய் தோய்ந்த மென்றுணியே போதும். சான்று செல்லுமளவே சொல்லும் செல்லுதல் வேண்டும். "பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி, ஐரோப்பிய வேலைப்பாடு" என்பதோடு நிற்க நேரின், அங்கே நிற்பதும் அறிவே. பொய்ப் பெயரினும் பெயரின்மை மேல்.