லேப் டெக்னீஷியன் படிப்பு: கடன் வாங்குமுன் ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் கூட்டம் கூடிவிடும். "லேப் டெக்னீஷியன் படிக்க வைக்கலாமா, எக்ஸ்ரே படிக்க வைக்கலாமா, டிரஸ்ட் எவ்வளவு தரும்?" என்று பலரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லுமுன் நாங்கள் ஒன்று கேட்கிறோம். படித்து முடித்ததும் பிள்ளைக்கு என்ன சம்பளம் வரும், அதில் கடனுக்கு எவ்வளவு போகும்?

சென்ற ஆண்டு ஒரு தாய் தன் மகளை டி.எம்.எல்.டி. படிப்பில் சேர்க்க உதவி கேட்டு வந்தார். இரண்டு வருடப் படிப்பு. கட்டணமும் விடுதியும் சேர்த்து வருடத்துக்கு 1,50,000 ரூபாய். முடித்தவுடன் மாதம் முப்பதாயிரம் கிடைக்கும் என்று கல்லூரி ஏஜென்ட் சொல்லியிருந்தார். நம் ஊரிலேயே மூன்று ரத்தப் பரிசோதனை நிலையங்களில் அவரையே விசாரித்து வரச் சொன்னோம். புதிதாகச் சேருபவர்களுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் யாரும் சொல்லவில்லை.

அந்த 3 லட்சத்தை வங்கியில் 10 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் என்ன ஆகும்? கல்விக் கடனைப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டத் தொடங்கலாம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். கட்டத் தொடங்கும்போது கடன் 3,75,000 ஆகியிருக்கும். ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 8,000 ரூபாய். பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் மிஞ்சுவது நாலாயிரம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்கு என்ன வரும்?

வட்டி ஹராம் என்பதால் நம்மில் பலர் வங்கிப் பக்கம் போவதில்லை. நல்லதுதான். ஆனால் அதே குடும்பம் நகையை அடகு வைக்கிறது, தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்குகிறது. அதுவும் வட்டிதானே! 3 லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய். அத்தனையும் வட்டிக்கே போகும், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வங்கிக் கடனைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடகுக் கடையைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

இந்தப் படிப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இதே படிப்புகள் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இருக்கின்றன. அங்கே கட்டணம் மிகக் குறைவு. இந்தப் படிப்புகளுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் சரியில்லாமல் இதை இழக்கிறார்கள். சான்றிதழில் முஸ்லிம் என்று மட்டும் இருந்தால் போதாது. லெப்பை, ஷேக், சையது, தக்னி முஸ்லிம் என்று பட்டியலில் உள்ள உங்கள் பிரிவு எழுதப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் நேரம் போதாது.

தனியாரில்தான் இடம் கிடைக்கிறது என்றால், பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தந்தது யார் என்று எழுத்தில் கேளுங்கள். அரசு வேலைக்கு ஆளெடுக்கும் எம்.ஆர்.பி. எல்லாச் சான்றிதழையும் ஏற்பதில்லை. பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, என்ன தகுதி கேட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். "சவூதி போனால் ஒரே வருடத்தில் கடனை அடைத்துவிடலாம்" என்பதும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. வளைகுடா நாடுகளில் இந்த வேலைக்கு லைசென்ஸ் தேர்வு உண்டு, வேலை அனுபவமும் கேட்பார்கள். சான்றிதழ் உண்மைதானா என்று படித்த இடத்திலேயே விசாரிப்பார்கள். மாடிப்படிக்கு மேலே போர்டு மாட்டியிருக்கும் இன்ஸ்டிட்யூட்டின் சான்றிதழ் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

டிரஸ்டில் நாங்கள் வைத்திருக்கும் அளவு இது: படிப்புக்காக வாங்கும் மொத்தக் கடன், பிள்ளையின் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் அடங்கும் படிப்புக்கு, குறையும் தொகையைக் கர்ளே ஹஸனாவாகத் தருகிறோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமென்றால் திருப்பித் தர வேண்டியதில்லை. கடனாகத் தருவதை எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தும் வாங்குகிறோம். இதில் மனவருத்தம் வேண்டாம். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282தான் குர்ஆனிலேயே நீளமான ஆயத்து.

அந்தத் தாயின் மகள் தனியார் கல்லூரியில் சேரவில்லை. அரசுக் கல்லூரிக் கவுன்சலிங்கில் பக்கத்து மாவட்டத்தில் இடம் கிடைத்தது. விடுதிச் செலவுக்கு மட்டும் டிரஸ்ட் உதவுகிறது.

இந்த ஆண்டு உதவி கேட்டு வருபவர்கள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கல்லூரி தந்த கட்டண விவரம் ஆகியவற்றோடு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். மூன்று இடங்களில் சம்பளம் விசாரித்த துண்டுச்சீட்டையும் மறக்க வேண்டாம்.